கோட்டை மான்களுக்கு நான் ஆற்றிய உரை

முதன்முதலில் வாயைத் திறந்து பேசிய மனிதன் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவன் தன் வருங்கால மாமனாருக்கு முன்னால் நின்றுகொண்டு அதைச் செய்திருக்க மாட்டான் என்பது மட்டும் நிச்சயம். அப்படிச் செய்திருந்தால் மனித இனம் இன்றைக்கும் கடையில் கையைக் காட்டித்தான் பாண் வாங்கிக்கொண்டிருக்கும்.

இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை பின்னேரம், திருகோணமலைக் கோட்டை வாசலுக்குக் கிட்ட இருந்த ஒரு மண்டபத்தில், நாற்பது மனிதர்களுக்கும் இருபது மான்களுக்கும் முன்னால் நான் உரை நிகழ்த்தினேன். அதில் மான்கள்தான் விஷயத்தைச் சரியாக விளங்கிக்கொண்டன.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் வரைபடம் கீறும் வேலை. காலையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தால் பின்னேரம் வரை யாரோடும் பேசத் தேவையில்லை. (என்னை மனத்தில் வைத்துத்தான் யாரோ இந்த வேலையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நம்பியிருந்தேன்.) அந்த நாட்களில் எனக்கு இரண்டு பைத்தியங்கள் இருந்தன. ஒன்று, மனிதனுக்கு மொழி எப்படி வந்தது என்ற கேள்வி. மற்றது, அடுத்த மேசையில் இருந்த தர்சினி.

முதல் பைத்தியம் முற்றிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைபேசியில் எதையோ தேடப்போய், மொழி பிறந்த விதம் பற்றி ஆளுக்கொரு கட்சியாக நின்று அடிபடுகிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். கை அசைவுதான் முதலில் வந்தது, வாய் பிறகு என்கிறது ஒரு கட்சி. இல்லை, சேர்ந்து பாரம் இழுக்கும்போது எழுந்த சத்தம்தான் சொல்லாக மாறியது என்கிறது இன்னொரு கட்சி. ஒருவருக்கொருவர் பேன் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் பெருத்துப்போய், எல்லாருக்கும் பேன் பார்க்க நேரம் போதாமல் அதற்குப் பதிலாக ஊர்வம்பு பேசத் தொடங்கியதே மொழி என்கிறது மூன்றாவது. அந்த மூன்றாவதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. எங்கள் கந்தோர்க் கன்ரீனை நினைத்துப் பார்த்தேன். அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் எதிரில் ஒருவர் மட்டும் இருந்தால் மணிக்கணக்கில் சொல்லுவேன். மூன்று பேர் சேர்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். தர்சினி ஒருத்தி என்பதால் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியாயிற்று, சொல்ல வேண்டிய ஒன்றைத் தவிர. கடைசியில் அதையும் அவளே சொன்னாள்.

"மயூரன், கதிரை எண்ட சொல் போர்த்துக்கீசர் கொண்டு வந்தது எண்டு எனக்கு நாலு தரம் சொல்லிப்போட்டீங்கள். அந்தக் கதிரையில இருந்து என்ர அப்பாவோட எப்ப கதைக்கப்போறீங்கள்?"

தர்சினியின் அப்பா கனகசபை ஐயா, துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வுபெற்றவர். மலைபோன்ற கப்பல்களைச் சின்னப் படகால் கட்டி இழுத்து உள்ளே கொண்டுவருகிற வேலை. வாழ்நாள் முழுவதும் இயந்திரச் சத்தத்துக்குள் நின்றதால் பேச்சைக் குறைத்துக்கொண்டவர். அவருக்கு வேறொரு மொழி இருந்தது. கப்பல்கள் ஒன்றோடொன்று ஹோன் அடித்துப் பேசிக்கொள்ளும் மொழி. ஒரு சின்ன ஹோன் என்றால், நான் என் பாதையை மாற்றி வலப்பக்கம் திரும்புகிறேன். இரண்டு என்றால் இடப்பக்கம். மூன்று என்றால் பின்னுக்குப் போகிறேன். ஐந்து ஹோன் விடாமல் அடித்தால், உன்னுடைய எண்ணம் எனக்கு விளங்கவில்லை, நீ என்ன செய்யப்போகிறாய்?

ஓய்வுபெற்ற பிறகு ஐயா இந்த மொழியை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஹோனுக்குப் பதில் மோதிர விரலால் மேசையில் தட்டுவார். சம்பல் உறைத்தால் மூன்று தட்டு, சாப்பாட்டுக் கோப்பையைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார். மனைவியோடு வாக்குவாதம் முற்றி, மனைவி சொல்வதுதான் சரி என்று ஒத்துக்கொள்ள நேர்ந்தால் ஒரேயொரு தட்டு: நான் என் பாதையை மாற்றுகிறேன். ஐந்து தட்டு விழுந்தால் வீடே அப்படியே நிற்கும்.

நான் முதல்முறை அவர்கள் வீட்டுக்குப் போனது ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாட்டில். ஐயா என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். எந்த ஊர், என்ன வேலை, தேத்தண்ணி குடிக்கிறீரோ. முதலாவதுக்குக் கையை மேற்குப்பக்கம் நீட்டினேன். இரண்டாவதுக்குக் காற்றில் கோடு கீறிக் காட்டினேன். மூன்றாவதுக்குத் தலையாட்டினேன். (கை அசைவுதான் முதலில் வந்தது என்ற கட்சிக்கு நான் நடமாடும் சாட்சி.) வந்த தேத்தண்ணியும் முதல் மிடறிலேயே புரைக்கேறியது. மனிதன் பேசுவதற்காகத் தொண்டையை மாற்றி அமைத்துக்கொண்டதால்தான் இப்படி அடிக்கடி புரைக்கேறுகிறது என்று ஒரு கருத்து உண்டு. பேசாமலே புரைக்கேறியவன் நான்தான்.

இருமி முடிந்ததும் மேசையில் ஐந்து தட்டு விழுந்தது.

அடுத்த நாள் கந்தோரில் தர்சினியின் முகம் நன்றாக இல்லை. "கொழும்பில இருந்து ஒரு எஞ்சினியர் சம்பந்தம் வந்திருக்கு. அம்மாவுக்கு நல்ல விருப்பம். வாற ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்ல வேணுமாம்," என்றாள். "அப்பா உங்களை வேண்டாம் எண்டு சொல்லேல்ல. ஆனா வாய் திறக்காத பெடியனை நம்பி எப்பிடிப் பிள்ளையைக் குடுக்கிறது எண்டு கேக்கிறார்."

"அவரே வாய் திறக்கிறதில்லையே!"

"அதாலதான் அவருக்கு அந்தப் பயம். ஒரு வீட்டுக்கு அப்பிடி ஒருத்தர் போதும்."

அவளே ஒரு வழியும் கண்டுபிடித்து வைத்திருந்தாள். எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டம் அந்தச் சனிக்கிழமை. பேச இருந்தவருக்குக் காய்ச்சல். வட்டத்தின் தலைவர் சிவபாதம் மாஸ்டர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். "நான் உங்கட பேரைக் குடுத்திட்டன். மொழியின்ர தோற்றம் எண்டு தலைப்பும் சொல்லியாச்சு. அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாறன். ஒரு பத்து நிமிசம் வாயைத் திறந்து கதையுங்கோ. அது காணும்."

 என் மூளை வேகமாக ஓடத் தொடங்கியது. நான் ஏன் பேச வேண்டும்? மொழி தோன்றிய விதத்தைச் சத்தங்களாலேயே காட்டினால் என்ன! குழந்தையின் அழுகை, கரைவலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டு, பிறகு எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விலங்கின் சொல். சத்தங்கள் பேசும், நான் நடுநடுவே இரண்டு வசனம் சொன்னால் போதும். அன்று முழுவதும் கந்தோரில் நான் ஒரு கோடுகூட நேராகக் கீறவில்லை.

குழந்தையின் அழுகை பக்கத்து வீட்டிலேயே தாராளமாகக் கிடைத்தது. அம்பாப் பாட்டைக் கடற்கரையில் ஒரே காலையில் பதிவுசெய்தேன். மூன்றாவதற்குத்தான் கப்பல்துறைக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே என் சித்தியின் வளவுக்குப் பின்னால் காடு. கறுத்த முகமும் நீண்ட வாலும் கொண்ட மந்திகள் அங்கே கூட்டம் கூட்டமாக இருக்கும். மந்தி சிறுத்தையைக் கண்டால் அதற்கென்றே ஒரு சத்தம் போடும். அது ஒரு சொல் மாதிரித்தான். அந்தச் சத்தம் கேட்டால் கீழே மேயும் புள்ளிமான்கூட ஓடிவிடும். அதாவது ஓர் இனத்தின் சொல் இன்னோர் இனத்துக்கு விளங்குகிறது. இதை வாசித்த நாளில் நான் கதிரையிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு விடியற்காலையில் போய் மரத்தடியில் கைபேசியோடு குந்தியிருந்தேன். நுளம்புக்கடி தாங்காமல் சித்தியின் கட்டிலிலிருந்து ஒரு போர்வையை எடுத்துத் தலையோடு மூடிக்கொண்டேன். இரண்டு மணித்தியாலம் ஒன்றும் நடக்கவில்லை. கால் விறைத்துப்போய், நாலு காலில் தவழ்ந்து அடுத்த மரத்தடிக்குப் போனேன். உடனே மேலே கிளை கிளையாக வெடித்தது. "காக்! காக்! காக்கர்ர்!" என்று இருமலும் குரைப்பும் கலந்த ஒரு சத்தம். எனக்குப் புல்லரித்துவிட்டது. சிறுத்தை! எங்கே சிறுத்தை? பயத்தில் நாலு பக்கமும் பார்த்தேன். அதற்குள் சித்தி குசினிக்குள்ளிருந்து ஓடிவந்தார்.

"டேய், என்ர புதுப் போர்வையைக் கொண்டுபோய் ஏனடா மண்ணில இழுக்கிறாய்?"

அப்போதுதான் போர்வையைப் பார்த்தேன். மஞ்சள் நிறம். உடம்பு முழுக்கக் கறுப்புப் புள்ளி.

அவமானப்பட்டிருக்க வேண்டியவன், சித்தியைத் தூக்கிச் சுற்றாத குறையாகக் குதித்தேன். மந்திகள் என்னைப் பார்த்து ஒரு சொல் சொல்லியிருக்கின்றன! மனிதர் எவரும் என்னைச் சிறுத்தை என்று அழைத்ததில்லை.

சனிக்கிழமை வந்தது. ஒலிபெருக்கிக்குப் பொறுப்பு என் நண்பன் ரிஸ்வான். குறிஞ்சாக்கேணிக்காரன், கிண்ணியாப் பக்கத்துக் கலியாண வீடுகளுக்கெல்லாம் சவுண்ட் கட்டுகிறவன். மண்டபத்துக்குள் ஒரு சின்னப் பெட்டி போதும் என்றுதான் சொன்னேன். அவன் ஆள் உயரத்தில் இரண்டு பெட்டிகளோடு வந்து, அவற்றை வெளியே வாசல் கேற்றடியில், மண்டபத்தைப் பார்த்தபடி வைத்தான்.

"எதுக்கடா இவ்வளவு பெரிசு?"

"மச்சான், மாமனார் வாறார் எண்டு சொன்னாய். சின்னப் பொட்டியில கேட்டா ஒரு மரியாத இரிக்குமா? ரோட்டால போறவனும் கேக்கட்டும். நான் இரிக்கன்தானே, நீ பயப்புடாத."

அந்த மண்டபத்தின் அமைப்பைச் சொல்ல வேண்டும். பக்கச் சுவர்கள் இடுப்பளவுதான், அதற்கு மேலே திறந்தவெளி. முன்னால் கேற், பின்னால் கடற்கரைக்குப் போகும் கதவு. கேற்றுக்கும் மண்டபத்துக்கும் இடையிலுள்ள முற்றத்து நிழலில், எந்த நாளும்போல, கோட்டை மான்கள் படுத்துக் கிடந்தன. எங்கள் ஊர் மான்களைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவை காட்டு மான்கள் அல்ல, ரவுண் மான்கள், பட்டணவாசிகள். றோட்டுக்குக் குறுக்கே படுத்திருக்கும். பஸ்காரர் ஹோனை அழுத்திப்பிடித்தாலும் அசை போடுவதை நிறுத்தாது. வாழைப்பழத் தோலும் மிஞ்சின பாணும் தின்று வளர்ந்த பரம்பரை. யார் கையில் சாப்பாட்டுப் பார்சல் இருக்கிறது என்பதைத் தவிர வேறு எந்த அறிவும் அவற்றுக்கு இல்லை என்பது ஊர் முடிவு. நானும் அப்படித்தான் நம்பினேன்.

முன்வரிசையில் கனகசபை ஐயா, சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டோடு. பக்கத்தில் தர்சினி. மேடைக்குப் பின்னால், "மனித மொழியின் தோற்றமும் வளர்ச்சியும்" என்று கொட்டை எழுத்திலும், அதன் கீழே "விசேட உரை: க. மயூரன்" என்றும் எழுதிய துணிப் பதாகை. ஓரமாக இருந்த மேசையில் வடையும் ரோல்ஸும் தேத்தண்ணி அண்டாவும். சிவபாதம் மாஸ்டர் நிகழ்ச்சி நிரலைக் கையில் வைத்துக்கொண்டு என்னை அழைத்தார்.

"பெரியோர்களே," என்றேன். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த மொழி அவ்வளவும் போய்விட்டது. தமிழ், இங்கிலிஷ், கொஞ்சம் சிங்களம் எல்லாம். பன்னிரண்டு பக்கக் குறிப்பு சட்டைப்பைக்குள் இருந்தது, அதை எடுக்கக் கை வரவில்லை. ஐயாவின் மோதிர விரல் கதிரைக் கைப்பிடியில் மெல்ல உயர்வதைக் கண்டேன். ஒரு தட்டு விழுவதற்குள் ரிஸ்வானுக்குக் கை காட்டினேன்.

பெட்டியிலிருந்து குழந்தை அழுதது. சபை திடுக்கிட்டது, பிறகு சிரித்தது. பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா தன்னையறியாமல் எழுந்து நின்று பால் போத்தலைத் தேடினார். "பார்த்தீர்களா!" என்று கத்தினேன். "ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு விளங்கிவிட்டது!" சபை கைதட்டியது. ஐயோ, அந்தக் கைதட்டல்! என் நாக்கின் கட்டு அவிழ்ந்துவிட்டது. அடுத்து அம்பாப் பாட்டு. ஐயாவின் கால் தாளம் போட்டது. சேர்ந்து இழுத்தவர்கள்தான் சேர்ந்து பேசினார்கள் என்றேன். இந்தத் துறைமுகத்துக்கு வந்த ஒவ்வொரு கப்பலும் எங்கள் வாய்க்குள் ஒரு சொல்லை இறக்கிவிட்டுத்தான் போனது, கதிரையும் அலுமாரியும் கந்தோரும் கடல்வழியாக வந்தவை என்றேன். ஐயா முன்னுக்குச் சரிந்து உட்கார்ந்து கேட்டார். தர்சினி கண்ணைத் துடைத்தாள். பத்து நிமிடம் கடந்து பதினைந்தாயிற்று. அந்த இடத்தில் நன்றி சொல்லி இறங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

பேசத் தெரியாதவனுக்குப் பேச்சு வந்துவிட்டால் அவனை யார் நிறுத்துவது? எனக்குச் சன்னதம் வந்ததுபோல இருந்தது. வெளியே கையை நீட்டினேன்.

"சபையோரே! அந்த மான்களைப் பாருங்கள். காட்டு மானுக்கு மந்தியின் மொழி தெரியும். ஆனால் இந்த மான்கள் எங்களோடு வாழ்ந்து, எங்கள் பாணைத் தின்று, தங்கள் பாட்டன் முப்பாட்டன் அறிந்திருந்த அந்த மொழியை அடியோடு மறந்துவிட்டன! பயன்படுத்தாத மொழி அழியும். இதோ, இப்போதே நிரூபிக்கிறேன்!"

ரிஸ்வான் பொத்தானை அழுத்தினான். "காக்! காக்கர்ர்!"

மான்கள் அசை போடுவதை நிறுத்தின. இருபது சோடிக் காதுகள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. அவ்வளவுதான், ஒன்றும் எழும்பவில்லை. "பார்த்தீர்களா!" என்றேன் வெற்றிக் களிப்போடு. "மறந்துவிட்டன! ரிஸ்வான், இன்னும் கொஞ்சம் சத்தமாக!"

ரிஸ்வானிடம் போய்ச் சொல்லக்கூடாத வசனம் அது. அவன் தன் வாழ்நாள் முழுவதும் யாராவது அதைச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தவன்.

இரண்டாவது "காக்" கேட்டபோது மண்டபத்துக் கூரைத் தகரம் அதிர்ந்தது. பெரிய கொம்பன் மான் ஒன்று எழுந்து முன்னங்காலால் நிலத்தை ஓங்கி அடித்து, விசிலடித்ததுபோலக் கூவியது. பிறகு எல்லாமே ஒன்றாக எழுந்தன. சத்தம் வந்தது கேற்றடியிலிருந்து. ஆகவே சிறுத்தை நிற்பது கேற்றடியில். ஓடவேண்டியது எதிர்ப்பக்கம். எதிர்ப்பக்கத்தில் இருந்தது இடுப்பளவுச் சுவர், அதற்கு உள்ளே நாங்கள்.

அவை சுவரைத் தாண்டிய அழகை இன்றைக்கும் மறக்க முடியாது. ஒன்றன்பின் ஒன்றாக, காற்றில் கால் மடக்கி, சபையின் தலைகளுக்கும் மேலாக. (அந்தக் கணத்திலும் என் மனத்தின் ஒரு மூலை, "மறக்கவில்லை! மறக்கவில்லை!" என்று துள்ளிக்கொண்டிருந்தது. என் கருத்து சரியா பிழையா என்பதைவிட, அதை நேரில் பார்த்துவிட்டேன் என்பதுதான் அப்போது பெரிதாகத் தெரிந்தது.) பிளாஸ்டிக் கதிரைகள் பறந்தன. சபை நாலாபக்கமும் சிதறியது. தேத்தண்ணி அண்டா சரிந்து வடைத் தட்டுக்குள் வடிந்தது. சிவபாதம் மாஸ்டர் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டு, "ஒருத்தரும் பதற வேண்டாம், ஒருத்தரும் பதற வேண்டாம்," என்று ஒலிவாங்கி இல்லாமலே முழங்கினார். கொம்பன் மேடையில் ஏறி, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, பதாகைக்குள் தலையை விட்டது.

அந்த மண்டபத்தில் நிதானமாக இருந்தவர் ஒருவர்தான். கனகசபை ஐயா எழுந்து, நேராக நடந்துபோய்க் கடற்கரைப்பக்கக் கதவை அகலத் திறந்தார். பிறகு நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்து, மான்களை ஒவ்வொன்றாகக் கதவைப் பார்த்துத் திருப்பிவிட்டார். பெரிய கப்பல்களைத் துறைக்குள் கொண்டுவந்த மனிதருக்கு இருபது மான்களை வெளியே அனுப்புவது பெரிய விஷயமில்லை. கடைசியாகப் போனது கொம்பன். அதன் கொம்பில் பதாகையும் போனது.

ஒருவருக்கும் காயமில்லை. இரண்டு கதிரைகளுக்குக் கால் போயிருந்தது. சபை சுவரோரமாக ஒட்டிக்கொண்டு மூச்சு வாங்கியது. ஐயா தன் கதிரையைத் தூக்கி நிமிர்த்தி வைத்து, சேட்டைத் தட்டிவிட்டு, உட்கார்ந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். டக், டக், டக், டக், டக்.

தர்சினி முகத்தை மூடிக்கொண்டாள். சிவபாதம் மாஸ்டர் மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "நிகழ்ச்சி நிரலின்படி அடுத்தது கேள்வி நேரம்," என்றார்.

கேள்வி கேட்க நிற்காமல் சபை ஒவ்வொருவராக நழுவியது. நான் மேடையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் முடிந்தது, நாளைக்குக் கொழும்பு எஞ்சினியருக்கு ஓம் என்று சொல்லப்போகிறார்கள் என்று நினைக்க, கண் கலங்கியது. வெட்கத்தைவிடத் துக்கம்தான் அதிகம். அப்போது ஐயா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, அந்தத் துணி மானின்ர கழுத்தில சுத்தினா ஆபத்து. உம்முடைய பேரும் அதிலதான் இருக்கு. எழும்பும்."

பழைய மோட்டார் சைக்கிளை உதைத்தார். எனக்கு ஹெல்மெட் இல்லை. தர்சினி ஓடிவந்து தன்னுடையதைத் தந்தாள். அது ரோஸ் நிறம், முன்பக்கத்தில் ஒரு பூனைக்குட்டி. அதை மாட்டிக்கொண்டு, கையில் மானுக்கென்று ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, வருங்கால மாமனாருக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். பொழுது படுவதற்குள் மானைப் பிடிக்க வேண்டும்.

கடற்கரை றோட்டில் தேடினோம், இல்லை. பஸ் நிலையத்தடியில் விசாரித்தோம். "மயூரனையோ? இப்பத்தான் இந்தப் பக்கத்தால போனவர்," என்றார் கச்சான் கடலை விற்கிறவர். ஐயாவின் தோள் குலுங்கியது. அவர் இருமுகிறார் என்று நினைத்தேன்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். எனக்கு அவருடைய முகம் தெரியவில்லை. முதுகு மட்டும்தான் தெரிந்தது. முதுகிடம் பேசுவது சுலபமாக இருந்தது! காற்றும் இயந்திரச் சத்தமும் எனக்குத் தைரியம் தந்தன. போர்வையை மூடிக்கொண்டு மந்தியிடம் ஏச்சு வாங்கிய கதையைக் கத்திக் கத்திச் சொன்னேன். அவருடைய மகளிடம் நாலு தரம் கதிரையைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன்.  ஒரு சந்தியில் அவர் வண்டியை மெதுவாக்கி ஐந்து ஹோன் அடித்தார். முன்னால் வாகனம் எதுவும் இல்லை. அது எனக்குத்தான்.

உன்னுடைய எண்ணம் எனக்கு விளங்கவில்லை. நீ என்ன செய்யப்போகிறாய்?

பன்னிரண்டு பக்கத்தில் இல்லாத ஒரு வசனம் வாயிலிருந்து தானாக வந்தது. "ஐயா, எனக்குத் தர்சினியைக் கலியாணம் செய்ய விருப்பம். அவ இல்லாட்டி எனக்கு ஏலாது."

வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.  ஒரு மதில், இரண்டு மதில், ஒரு கோயில் கடந்தது. பிறகு ஒரு சின்ன ஹோன்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதையும் மூன்றாவதையும் எதிர்பார்த்தேன். மூன்று அடித்தால் பின்னுக்குப் போகிறார், என் கதை முடிந்தது. வரவில்லை. ஒன்றேதான். நான் என் பாதையை மாற்றுகிறேன்! சந்தோசத்தில் கையிலிருந்த வாழைப்பழச் சீப்பைப் பிசைந்தே விட்டேன்.

கொம்பனைச் சந்தைக்குக் கிட்டக் கண்டோம். றோட்டோரத்தில் படுத்து, ஒன்றும் நடக்காததுபோல அசை போட்டுக்கொண்டிருந்தது. சுற்றிவர ஐம்பது பேர் கைபேசியோடு. மனித மொழியின் தோற்றமும் வளர்ச்சியும் எங்கேயோ கிழிந்து விழுந்துவிட்டது. கொம்பில் மிஞ்சித் தொங்கியது "விசேட உரை: க. மயூரன்" மட்டும். "இவர் எப்ப பேசத் தொடங்குவார்?" என்று ஒருவர் கேட்டார். ஐயா முன்னால் நின்று பிசைந்த பழத்தை நீட்ட, நான் ரோஸ் ஹெல்மெட்டோடு பின்னால் ஊர்ந்துபோய்த் துணியைக் கழற்றினேன். அந்தப் படம் இன்றைக்கும் ஊரில் சுற்றுகிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு எங்கள் கந்தோரில் முதலில் காட்டுவது அதைத்தான்.

கலியாணத்தன்று சிவபாதம் மாஸ்டர் என்னைப் பேச அழைத்தார். நான் எழுந்து, "பெரியோர்களே," என்றதுதான் தாமதம், பெண் வீட்டார் எல்லாரும் ஒரே நேரத்தில் சாப்பாட்டுத் தட்டுகளைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். அந்த வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. பிறந்தநாளானாலும் சரி, வீடு குடிபுகுதலானாலும் சரி. ரிஸ்வான் ஒருவன் மட்டும், "இன்னும் கொஞ்சம் சத்தமா, மச்சான்!" என்பான்.

எங்களுக்கு மகள் பிறந்தபோது நான் கொப்பியும் கைபேசியுமாகத் தயாராக இருந்தேன். மொழி எப்படித் தோன்றுகிறது என்பதை என் வீட்டிலேயே பார்க்கக் கிடைத்த வாய்ப்பை விடுவேனா? அவளுடைய முதல் சொல் அம்மாவா அப்பாவா என்று எனக்கும் தர்சினிக்கும் போட்டி. பத்து மாதமாகியும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் மத்தியானம், இப்போது எனக்கு மாமாவாகிவிட்ட கனகசபை ஐயாவும் வந்திருந்தார், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் மகளுக்கு முன்னால் குனிந்து, வாயை அகலத் திறந்து, "அப்பா சொல்லு, அப்... பா..." என்று உயிரை விட்டுக்கொண்டிருந்தேன். அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். பிறகு கரண்டியை எடுத்து, கோப்பையில், நிதானமாக, ஐந்து தரம் தட்டினாள்.

தர்சினி சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து சரிந்தாள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. பேத்தியின் தலையைத் தடவிவிட்டு, என் பக்கம் திரும்பி, "எழுதும் தம்பி, கொப்பியில எழுதும்," என்றார்.